புதன்கிழமைச் சட்டி

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பேறிய கோழி புதன்கிழமைதான் விடைபெறும். நடுவில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அது தீர்ந்துபோனதாக வீட்டுக்காரி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மற்ற வீடுகளில் கோழி வாங்குவார்கள், சமைப்பார்கள், தின்பார்கள், எலும்பைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி படுத்துக்கொள்வார்கள். இவளுக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது. கறிக்கடையில் இளங்கோழியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது, முட்டையிட்டு ஓய்ந்த கோழி இருக்கிறதா என்று கேட்பாள். கடைக்காரர் இவள் தலையைக் கண்டதுமே உள்ளே போய் அப்படி ஒன்றைத் தேடி எடுத்து வருவார். அதன் கறி லேசில் வேகாது. வேகாத கறிதான் இவளுக்கு வேண்டும். அடிகனமான சட்டியில் வெங்காயம், இஞ்சி, மிளகு, உப்பு, முங்குகிற அளவுக்குத் தண்ணீர். தீயை அணைகிறதோ என்று சந்தேகப்படுகிற அளவுக்குக் குறைத்து, மூடி மேல் அம்மிக்குழவியை ஏற்றிவிட்டால், காலையில் வைத்தது மதியச் சாப்பாட்டுக்குத்தான் மசியும்.

ஞாயிறு மதியம் தொடையும் நெஞ்சுக்கறியும். அன்றைக்கு மட்டும் யார் எவ்வளவு கேட்டாலும் கை தாராளமாகப் போகும். திங்கட்கிழமை, எலும்போடு ஒட்டியிருக்கும் கறியை விரலால் நார்நாராகப் பிய்த்து, உருளைக்கிழங்கோடு வதக்கி, எல்லார் மதிய டப்பாவிலும் ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுப்பாள். செவ்வாய்க்கிழமை மிச்சச் சாற்றில் முட்டையை உடைத்து ஊற்றிச் சோற்றுக்கு. புதன்கிழமை எலும்பு, கழுத்து, இறக்கை நுனி எல்லாம் மறுபடி அதே சட்டிக்குள் போய், மறுபடி அதே சின்னத் தீயில் கொதிக்கும்.

இதனால் அவளுக்கு 'இழுவை' என்று பேர். வைத்தவர் அவள் வீட்டுக்காரர்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், மாடிக்கும் கீழுக்குமாக நாள் முழுக்கத் தொங்குகிற மனிதருக்கு வாய்தான் ஓய்வு. ஒரு கோழியை இவ்வளவு தூரம் இழுக்கத் தெரிந்தவளை அரசாங்கம் தேடிப்பிடித்து நிதி மந்திரி ஆக்காமல் விட்டிருக்கிறதே என்பார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளோடு போர்வை மடிக்கிறவர்களும் அந்தப் பேரையே பிடித்துக்கொண்டார்கள். அவளும் முகம் சுளிக்கவில்லை. நாமும் அப்படியே சொல்லலாம்.

இழுவைக்கு ஒரு அக்கா. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்கிறவர்களிடம், என் பவருக்கு ஒருத்தரும் சரியாக அமையவில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். கடைக்கு ஞாயிறுதான் கூட்டம், புதன்கிழமை வார விடுமுறை. இழுவைக்கும் புதன்கிழமை மதியத்தோடு ஷிப்டு முடிந்துவிடும். அதனால் அக்கா வந்து சாப்பிடுகிற நாள் புதன் என்று தானாக அமைந்துபோனது.

இங்கேதான் இழுவையின் கள்ளத்தனம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோழி மசிந்ததும், யாரும் தட்டை எடுத்து வருவதற்கு முன்னால் அவள் மூடியைத் திறப்பாள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் குழிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் இரண்டு துண்டுக் கறியை நகத்தால் நெம்பி எடுப்பாள். கோழியிலேயே மெத்தென்ற இடம் அதுதான். தெரியாதவர்கள் எலும்போடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஈரலை எடுப்பாள். சட்டியின் அடியில் தங்கிய திக்கான சாற்றில் ஒரு கரண்டி. எல்லாவற்றையும் ஒரு சின்ன டப்பாவில் அடைத்து, ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். புதன்கிழமை எலும்புச்சாறு இறங்குகிற நேரத்தில் அந்த டப்பா அதில் கவிழும். ஆக, அக்காவின் முன்னால் வைக்கிற கிண்ணம் பார்வைக்குப் பழுப்புத் தண்ணீரும் நாலு எலும்புமாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால், ஞாயிற்றுக்கிழமை தொடைக்கறி அதன் கால்தூசு பெறாது.

இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. மகனுக்குத் தெரிந்தால் அந்த டப்பா திங்கட்கிழமையைக்கூடப் பார்க்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சித்தி.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு இவர்கள் இருவரும் சித்தி வீட்டில்தான் வளர்ந்தார்கள். சித்தி பட்டினி போட்டவள் இல்லை. அதைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் போட்ட ஒவ்வொரு கரண்டியையும் வாய்விட்டுச் சொல்லிக்காட்டுகிறவள். நேற்றுப் போட்டது, முந்தாநாள் போட்டது, இனிப் போடப்போவது எல்லாம் தெருவுக்கே கேட்கும். இழுவை அப்போது சின்னப் பெண். சாப்பாட்டைவிட அந்தச் சொல்தான் அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தனக்கென்று ஒரு அடுப்பு வந்தால், கொடுப்பதை வாயால் சொல்லவே கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அந்த முடிச்சை யாராவது அவிழ்த்திருக்கலாம். யாருக்கும் அது இருப்பதே தெரியாது.

அக்காவுக்கு வேலை முடிந்தது. கை நடுங்க ஆரம்பித்ததால் கடைக்காரர் மரியாதையாக மாலை போட்டு அனுப்பிவைத்தார். அதே சமயத்தில் அவள் குடியிருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அடுத்து எங்கே போவது என்பதுதான் கேள்வி. இழுவைக்கு அதில் கேள்வியே இல்லை. அக்கா தன்னோடுதான் வர வேண்டும். சித்தி வீட்டில் ஒரே பாயில் படுத்த காலத்திலிருந்து அவளுக்கு இருந்த ஒரே பேராசை அது.

சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தாள். லிஃப்ட்காரர் முணுமுணுத்துக்கொண்டே வெள்ளையடித்தார். மகள் தன் மேசைவிளக்கைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள். ஜன்னலுக்குத் திரை தைத்தாயிற்று. அக்கா அறையைப் பார்த்தாள், சுவரைத் தடவினாள், கண்கலங்கினாள், ஆனால் பிடிகொடுக்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி ஒன்றில் மேற்பார்வைக்கு ஆள் கேட்கிறார்களாம், தங்க அறையும் கொடுக்கிறார்களாம், அதையும் யோசிக்கிறேன் என்றாள். மாசக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

 என்ன குறை வைத்தோம் என்று இழுவை வீட்டுக்காரரைப் போட்டுத் துளைத்தாள். அவர், உங்க அக்கா எப்போதும் நாலு தடவை தேய்த்துப் பார்த்துத்தான் எதையும் பொருத்துவார், பொறு என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். சலவைப் பிரிவில் இயந்திரங்கள் போட்ட கூச்சலில் இழுவை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏன்டி, இந்த வாரம் ஞாயித்துக்கிழமை வரட்டுமா? எனக்குத்தான் இப்ப கடை இல்லையே."

இழுவை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அக்கா முடிவு சொல்லப்போகிறாள், அதற்காகத்தான் வருகிறாள் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. அவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்கிற நாளில் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாற்றையா ஊற்றுவது? அது வெறும் ஆரம்பம், ஒன்றும் ஊறியிருக்காது. தொடையைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள். இருக்கிறதிலேயே நல்லதை அக்காவுக்கு வைத்து, அருகில் நின்று, மெல்லக் கேட்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாம்க்கா," என்றாள். "எப்பவும் போல புதன்கிழமையே வா."

 இழுவை லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தாள்.

"சரிடி," என்றாள் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை இழுவை வாங்கிய கோழி மாதிரி அந்த வீட்டுக்கு வந்ததில்லை. வாசலிலேயே மகள், இது கோழியா வாத்தா என்று கேட்டாள். டப்பாவில் அன்றைக்கு ஈரலோடு நெஞ்சுக்கறியிலும் ஒரு பெரிய துண்டு ஏறியது. தனக்கு வைத்திருந்த பங்கு அது. புதன்கிழமை விடியும்போதே எழுந்து எலும்பை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைத் தீயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

அன்றைக்கு லிஃப்ட்காரர் காலில் சுளுக்கு விழுந்து வீட்டில் இருந்தார். அக்கா வந்து உட்கார்ந்ததும் கிண்ணம் வந்தது. ஆவி பறந்தது. எனக்குக் கேன்டீனிலேயே ஆயிற்று என்று சொல்லிவிட்டு, எப்போதும் போல இழுவை பக்கத்தில் நின்று பரிமாறினாள். லிஃப்ட்காரருக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, கோழி ஞாயித்துக்கிழமையே போய்ச் சேர்ந்திருச்சு. நீங்க வாராவாரம் அடக்கத்துக்குத்தான் வந்து நிக்கிறீங்க."

இழுவை சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கரண்டியால் சாற்றைக் கலக்கி, இருந்த இரண்டு மெத்தென்ற துண்டையும் தின்றாள், ஈரலையும் தின்றாள், எலும்பை ஓரமாக ஒதுக்கினாள், கை கழுவினாள். துண்டில் கையைத் துடைத்தபடியே, விடுதிக்காரர்களிடம் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலையிலேயே சொல்லியாயிற்றாம்.

இழுவையின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் கெஞ்சினாள். அப்புறம் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெள்ளையடித்த சுவரைக் காட்டினாள், தைத்த திரையைக் காட்டினாள். சொந்தத் தங்கை வீடு இருக்க முன்பின் தெரியாதவர்களோடு போய் இருப்பதை நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றாள். என் வீட்டில் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

"ஒரு குறையும் இல்லடி," என்றாள் அக்கா. "நீ எல்லாம் சரியாத்தான் செய்யற."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் புதன்கிழமைகளில் வரவில்லை. விடுதியில் வேலை சரியாக இருக்கிறது என்று போனில் சொன்னாள். இழுவையும் வீம்பாக ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் பழக்கம் அவளை விடுமா? ஞாயிறு வந்தால் விரல் தானாக முதுகெலும்புக் குழிக்குள் போனது. டப்பா தானாக நிறைந்தது. ஒரு புதன்கிழமை சட்டியை இறக்கி வைத்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் அதன் முன்னாலேயே நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகனுக்கு அந்தக் கிண்ணத்தைக் கொடுத்தாள். அவன் எலும்புத் தண்ணியா என்று முகத்தைக் கோணிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாவது வாயில் நிமிர்ந்து பார்த்தான். மூன்றாவது வாயில் பேச்சே இல்லை. முடித்துவிட்டுக் கிண்ணத்தை வழித்தபடி கேட்டான், இவ்வளவு நாளாக இதைப் பெரியம்மாவுக்கு மட்டும் ஒளித்து வைத்துக் கொடுத்தாயா, பெரியம்மா என்னிடம் ஒருநாள் சொன்னாரே, உங்கள் வீட்டுக் கோழியில் என் பங்குக்கு வருவது புதன்கிழமைதான் போல என்று.

பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னான். இழுவைக்கு நெஞ்சில் யாரோ ஓங்கி மிதித்தது போல இருந்தது.

அடுத்த புதன்கிழமை ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு, சட்டிச் சாற்றைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் யாரும் தூக்கை இடித்துவிடாமல் மடியிலேயே வைத்திருந்தாள். சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிக்காட்டினால் குடி முழுகிவிடாது. சொன்னால் அக்கா கூடவே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று நம்பினாள். அறை அப்படியேதான் இருந்தது. விளக்கைக்கூட மகள் திருப்பி எடுக்கவில்லை.

விடுதி இரண்டு மாடிக் கட்டடம். கொடிகளில் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா வாசல் அறையில், வந்து போகிறவர்களைக் கவனிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்துவிட்டாயே என்றாள். இழுவை உட்காரக்கூட இல்லை. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். முதுகுக்கறி, ஈரல், அடிச்சாறு, தயிருக்குப் பின்னால் வைக்கிற டப்பா, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பது, சித்தி, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றது எதற்காக என்பதையும் சொன்னாள். தூக்கின் மூடியைத் திறந்து காட்டினாள்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். 

"எனக்கு ருசி தெரியாதுன்னா நினைச்ச?" என்றாள். "அது நல்ல கறின்னு தெரியும்டி. நல்லா வச்சிருக்கேன்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்."

"அப்புறம் ஏன்க்கா?"

"சித்தி வீட்டுல நீ சின்னவ. அவ பேச்சு உனக்கு வலிச்சிருக்கு. எனக்கு அவ பேச்சு ஒண்ணும் பண்ணல. அவங்க எல்லாரும் உக்காந்து சாப்பிட்டு எழுந்த அப்புறம் நம்மளக் கூப்பிடுவா பாரு, அதுதான். அடுப்படியில உக்காந்து, உள்ள அவங்க சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருப்பேன்." அக்கா மூடியைத் திரும்ப வைத்தாள். "நல்ல துண்டு யாருக்கு வேணும். உன் பிள்ளைங்க பிடுங்கித் தின்னு மிச்சம் வெறும் குழம்பு இருந்தாலும் அந்த நேரத்துல நானும் அங்க உக்காந்திருக்கணும்னு இருந்துச்சு. ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டேன். நீ வேண்டாம்னுட்ட."

இழுவை தூக்கின் பிடியைப் பற்றிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தான் பார்த்துப் பார்த்து ஒளித்துவைத்த ஒவ்வொரு புதன்கிழமையும் அக்காவை அடுப்படியிலேயே உட்கார வைத்திருக்கிறது. அதுவும் தனியாக. தானும் கூட உட்காராமல், பக்கத்தில் நின்றுகொண்டு.

"இப்பவாவது நீ வந்துடுக்கா," என்றாள். "இந்த ஞாயித்துக்கிழமையே. எல்லாரும் ஒண்ணா உக்காரலாம்."

"வரேன். சாப்பிட வரேன்," என்றாள் அக்கா. கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் இழுவைக்குத் தாங்கவில்லை. "ஆனா இருக்கிறது இங்கதான்டி. பழகிட்டேன்."

அதற்குள் உள்ளே சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. வா, நீயும் இங்கேயே சாப்பிட்டுப் போ என்று அக்கா அவளை இழுத்துக்கொண்டு போனாள். நீளமான மேசை. ஒரு நர்ஸ், ஒரு பஸ் கண்டக்டர், செல்போன் கடையில் நிற்கிற ஒரு பெண், இன்னும் பேர் தெரியாத பத்துப் பேர் முண்டியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய குண்டானில் சோறு, இன்னொன்றில் கீரை. அக்கா வந்ததும் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவள் தூக்கைத் திறந்து, தங்கை வைத்தது என்று சொல்லி, கை நடுங்க நடுங்க எல்லார் தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றை ஊற்றிக்கொண்டே போனாள். முதுகுக்கறியில் ஒரு துண்டு செல்போன் கடைப் பெண்ணுக்கு விழுந்தது. அவள் பேச்சு மும்முரத்தில் என்ன தின்கிறோம் என்று பார்க்காமலே விழுங்கினாள். இன்னொன்று யாருக்குப் போனது என்று இழுவை கவனிக்கவில்லை.

இழுவை தன் தட்டைத் தொடவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கண்டக்டரோடு ஏதோ வம்பு பேசிச் சிரித்தாள். கீரையை ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகம் சுருங்கியது. தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சமையற்கட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்:

"உப்பே இல்ல. யாரு இன்னைக்குச் சமையல்?"

உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் திட்டினார்கள். மேசையே சிரித்தது. இத்தனை வருஷமாக இழுவையின் வீட்டில் அக்கா ஒருமுறைகூட உப்பு இல்லை என்று சொன்னதில்லை. எதை வைத்தாலும், "நல்லாருக்குடி" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.